பனிக்கட்டியாய் வரும் பீட்சாவைப் பதமாய்ச் சுடுவது எப்படி?

"மேலே சீஸ் கருகிப் போச்சுக்கா. அடியிலே சொதசொதன்னு இருக்கு. நடுவிலே விரலை வெச்சா ஜில்லுன்னு ஐஸ்! இதுக்கா இவ்வளவு காசு?"

கடையில் ஃப்ரோஸன் பீட்சா வாங்கி, வீட்டு ஓவனில் வைத்துப் பார்த்த பெண்களிடம் நான் அடிக்கடி கேட்கும் புகார் இது. பெரும்பாலும் குறை பீட்சாவிலும் இருக்காது, ஓவனிலும் இருக்காது. ஐஸ் என்ற சமாசாரம் அடுப்புக்குள் போனால் என்ன ஆகும் என்பதை யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான். அட்டைப் பெட்டியின் பின்பக்கம் கடுகு சைஸ் எழுத்தில் நாலு வரி போட்டிருப்பார்கள். அதைப் படிக்க பூதக்கண்ணாடி வேண்டும்!

எங்கள் கள்ளக்குறிச்சி, விழுப்புரத்திலிருந்து பிரிந்து 2019-ல் தனி மாவட்டமானது. துருகம் ரோடு, சேலம் மெயின் ரோடு என்று கடைத்தெருப் பக்கம் போனால், பெரிய மளிகைக் கடைகளில் கண்ணாடி மூடி போட்ட ஃப்ரீஸர் பெட்டி நிற்கிறது. பச்சைப் பட்டாணி, பரோட்டா, பீட்சா எல்லாம் அதற்குள் கல்லாய் உறைந்து கிடக்கின்றன. கூட வரும் பிள்ளைகளின் கண் முதலில் அங்கேதான் போகும். வாங்கித் தராமல் எப்போதும் தப்பிக்க முடியுமா? அப்படி வாங்கிய பண்டம் கருகாமல், சொதசொதக்காமல், எல்லாவற்றையும்விட முக்கியமாகக் குழந்தையின் வயிற்றைக் கெடுக்காமல் தட்டுக்கு வர வேண்டாமா? அதற்கான வழிகளைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

எந்தப் பெட்டியில் எது வேகும்?

பீட்சாவின் தாய்வீடு இத்தாலியிலுள்ள நேப்பிள்ஸ் நகரம். அங்கே விறகு எரியும் செங்கல் அடுப்பில், 430 டிகிரிக்கும் மேலான சூட்டில், ஒன்றரை நிமிஷத்துக்குள் சுட்டு எடுத்து விடுகிறார்கள். அந்தக் கைவேலையை 2017-ல் யுனெஸ்கோ தன் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. உறைய வைத்த பீட்சா அமெரிக்கக் கடைகளில் பரவியது 1950-களில். நம் நாட்டில் பெரிய பீட்சா கம்பெனிகள் கடை திறந்தது 1996-ல்.

நம் சமையல் மேடையில் உட்காரும் சின்ன ஓவன் பொதுவாக 230 அல்லது 250 டிகிரியோடு நின்றுவிடும். நேப்பிள்ஸ் அடுப்போடு அது போட்டி போட முடியாது. ஆனால் பொறுமையாக வேலை வாங்கினால் ஏமாற்றவும் செய்யாது. மூடியில் கண்ணாடி ஜன்னல் வைத்த வட்டமான அலுமினிய ஓவனில் நம் அம்மாக்கள் கேக்கும் நெய் பிஸ்கட்டும் செய்யவில்லையா? இன்றைய பெட்டிகள் அதன் பேத்திகள்தான்.

ஓ.டி.ஜி. என்கிற பெட்டியில் ஓவன், டோஸ்டர், கிரில் மூன்றும் சேர்ந்திருக்கின்றன. மேலேயும் கீழேயும் சூடேறும் கம்பிகள் இருக்கும். எந்தக் கம்பி வேலை செய்ய வேண்டும் என்று திருகு வைத்து மாற்றலாம். பீட்சாவுக்கு ஏற்ற பெட்டி இதுதான். அடியும் மேலும் ஒரே நேரத்தில் வேகும்.

ஏர் ஃப்ரையர் சின்ன இடத்துக்குள் சூடான காற்றை விசிறியால் சுழற்றும் பெட்டி. பிலிப்ஸ் கம்பெனி 2010-ல் அறிமுகப்படுத்திய பிறகு உலகமெங்கும் பரவியது. சீக்கிரம் மொறுமொறுப்பாக்கும். ஆனால் கூடை சின்னது. குட்டி பீட்சாதான் நுழையும்.

மைக்ரோவேவ் கதை வேடிக்கையானது. பெர்சி ஸ்பென்சர் என்ற அமெரிக்கர் ராடார் கருவி வேலையில் இருந்தபோது, சட்டைப்பையிலிருந்த மிட்டாய் உருகிப் போனதாம். 1945-ல் பிறந்த அந்த யோசனை, 1967-ல் மேடையில் வைக்கிற சைஸுக்கு வந்தது. இது உணவிலுள்ள தண்ணீரைத்தான் முக்கியமாகச் சூடாக்குகிறது. அதனால் பீட்சாவின் ரொட்டி பொன்னிறமாகாது. ஆறினால் ரப்பர் மாதிரி இழுக்கும். உங்களுடையது கன்வெக்ஷன் வசதி உள்ள மைக்ரோவேவ் என்றால் கவலையில்லை. கன்வெக்ஷனில் வைத்தால் அது ஓவன் மாதிரியே வேலை செய்யும்.

பீட்சாவுக்காக மட்டும் புதிதாக ஒரு பெட்டி வாங்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். இருப்பதை வைத்தே சமாளிக்கலாம். ஒன்றுமே இல்லாவிட்டாலும் தோசைக்கல் இருக்கிறதே! அதற்கும் வழி சொல்கிறேன்.

முதலில் பிளக்கைப் பாருங்கள்

ஓ.டி.ஜி.க்கும் ஏர் ஃப்ரையருக்கும் பெரும்பாலும் 1200-லிருந்து 1500 வாட்ஸ் வரை மின்சாரம் வேண்டும். 1500 வாட்ஸை 230 வோல்ட்டால் வகுத்தால் ஆறரை ஆம்பியர் வருகிறது. மிக்ஸிக்கும் டேபிள் ஃபேனுக்கும் போடுகிற சின்ன பிளக் பாயின்ட் தாங்குவதோ 6 ஆம்பியர்தான். ஆகவே கெய்சருக்குப் போடும் பெரிய 16 ஆம்பியர் பவர் பிளக்கில்தான் ஓவனைச் செருக வேண்டும். ஜங்ஷன் பாக்ஸ் இழுத்து அதில் ஓவன், ஃப்ரிட்ஜ், மிக்ஸி என்று வரிசையாகச் செருகவே கூடாது. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் அப்படிச் செருகி, பிளாஸ்டிக் இளகி நாற்றம் வந்த பிறகுதான் கவனித்தார்கள். நல்ல வேளை, அதோடு போயிற்று.

எர்த் கம்பி சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள். ஓவனைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் நாலு விரற்கடையாவது இடம் விடுங்கள். மேலே துணி, பேப்பர், பிளாஸ்டிக் டப்பா எதுவும் வேண்டாம்.

"கரண்ட் பில் எகிறிடுமே?" என்று கேட்பீர்கள். 1000 வாட்ஸ் ஒரு மணி நேரம் எரிந்தால் ஒரு யூனிட். 1500 வாட்ஸ் ஓவன், சூடேற பத்து நிமிஷம், பீட்சா சுட பதினைந்து நிமிஷம் என்று விடாமல் எரிந்தாலும் 0.63 யூனிட்டுக்குள் முடிந்து விடும். நடுவில் தெர்மோஸ்டாட் தானே அணைத்து அணைத்துப் போடுவதால் அதைவிடக் குறையவே வாய்ப்பு.

ஐஸ் செய்கிற குறும்பு

இப்போது விஷயத்துக்கு வருவோம். ஒரு கிராம் தண்ணீரின் சூட்டை ஒரு டிகிரி உயர்த்த ஒரு கலோரி வெப்பம் போதும். ஆனால் ஒரு கிராம் ஐஸை வெறுமே உருக்கித் தண்ணீராக்க மட்டும் 80 கலோரி வேண்டும்! அதாவது உங்கள் ஓவன் தரும் சூட்டில் ஒரு பெரிய பங்கை ஐஸ் சத்தமில்லாமல் விழுங்கி விடுகிறது. அந்த நேரத்தில் மேலே உள்ள சீஸோ கம்பிக்கு நேர் கீழே காய்ந்து கொண்டிருக்கிறது. அதனால்தான் மேலே கருகல், நடுவே ஜில்.

இரண்டாவது குறும்பு, உருகிய தண்ணீர். அது ஆவியாகி வெளியேற வேண்டும். அடியில் மூடிய தட்டு இருந்தால் ஆவி போக வழியில்லாமல் ரொட்டியிலேயே இறங்கி விடும். தண்ணீர் இருக்கும் வரை அந்த இடத்தின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. பொன்னிறமும் வாசனையும் வர ஏறக்குறைய 140 டிகிரிக்கு மேல் வேண்டும். ஆகவே அடிப்பாகம் காய்ந்தால்தான் சிவக்கும். இட்லியும் தோசையும் ஒரே மாவுதான். ஆவியில் வெந்தது வெள்ளையாக இருக்கிறது; காய்ந்த கல்லில் வெந்தது முறுகுகிறது. பீட்சாவின் அடிக்கு நமக்கு வேண்டியது தோசைக் கதை, இட்லிக் கதை அல்ல!

ஓ.டி.ஜி.யில் சுடும் முறை

1. பீட்சாவை ஃப்ரீஸரிலிருந்து முன்கூட்டியே எடுத்து வைக்காதீர்கள். "உருகட்டும், சீக்கிரம் வேகும்" என்று தோன்றும். ஆனால் உருகினால் ரொட்டி தண்ணீரைக் குடித்துத் துவண்டு விடும். பாக்கெட்டில் உருக வைக்கும்படி போட்டிருந்தால் மட்டும் அப்படிச் செய்யுங்கள்.

2. முதலில் காலி ஓவனை, மேலும் கீழும் கம்பிகள் எரியும்படி வைத்து, 200 முதல் 220 டிகிரியில் பத்து நிமிஷம் காய விடுங்கள். பாக்கெட்டில் வேறு அளவு இருந்தால் அதுவே சரி.

3. உள்ளே இருக்கும் அலுமினியத் தட்டையும் சேர்த்துக் காய விடலாம். காய்ந்த தட்டில் பீட்சாவை வைத்தால், காய்ந்த கல்லில் மாவு ஊற்றுவது போல அடி உடனே பிடித்துக் கொள்ளும். கெட்டியான பீட்சா என்றால் கம்பி வலை மேல் நேராகவே வைக்கலாம். உதிர்வது விழ, அடியில் தூள் தட்டு இருக்க வேண்டும்.

4. பிளாஸ்டிக் உறை, அடியிலுள்ள அட்டை இரண்டையும் மறக்காமல் எடுத்து விடுங்கள். அவசரத்தில் அட்டையோடு உள்ளே தள்ளி விடுகிறவர்கள் உண்டு. அட்டை தீப்பிடிக்கும்!

5. நடுத்தட்டில் வையுங்கள். மேல்கம்பிக்கு மிக அருகில் வைத்தால் சீஸ் கருகும்.

6. மெல்லிய பீட்சாவுக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிஷம், தடித்ததற்குப் பதினைந்து பதினெட்டு நிமிஷம் ஆகலாம். பாதி நேரத்தில் கைக்கு உறை போட்டு, தட்டைத் திருப்பி வையுங்கள். சின்ன ஓவன்களில் பின்பக்கம் அதிகம் காய்வது சகஜம்.

7. சீஸ் சீக்கிரம் சிவந்து, நடு வேகாமல் இருந்தால் மேல்கம்பியை அணைத்துக் கீழ்க்கம்பியில் மட்டும் மூன்று நிமிஷம் விடுங்கள். அடி வெளுத்திருந்தாலும் இதே வைத்தியம்.

8. நடுப்பகுதியில் சீஸ் குமிழ் விட்டுக் கொதிக்க வேண்டும். ஓரம் கொதித்து நடு சும்மா இருந்தால் இன்னும் வேகவில்லை என்று அர்த்தம். உணவின் நடுப்பாகம் 70 டிகிரியாவது எட்ட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் விதி. கோழி போட்ட பீட்சாவுக்கு இது கட்டாயம்.

9. எடுத்ததும் வெட்டாதீர்கள். வலை மேல் மூன்று நிமிஷம் ஆற விடுங்கள். தட்டில் வைத்தால் அடியில் வேர்த்து விடும். உருகிய சீஸ் குழந்தையின் அண்ணத்தில் ஒட்டினால் பொத்துப் போகும், ஜாக்கிரதை.

ஏர் ஃப்ரையர் என்றால், பாக்கெட்டில் சொன்னதைவிட 20 டிகிரி குறைத்து, எட்டு நிமிஷத்திலிருந்து எட்டிப் பாருங்கள். காற்று வேகத்தில் குடைமிளகாய்த் துண்டுகள் பறந்து கம்பியில் ஒட்டலாம். முதலில் சீஸில் லேசாக அழுத்தி விடுங்கள்.

வெறும் மைக்ரோவேவ்தான் இருக்கிறதா? பாக்கெட்டில் மைக்ரோவேவில் வைக்கலாம் என்று போட்டிருந்தால், அதில் சொன்ன நேரம் வைத்து நடுப்பாகம் வரை நன்றாகச் சூடாக்குங்கள். பிறகு காய்ந்த தோசைக்கல்லில் இரண்டு மூன்று நிமிஷம் வைத்து அடியை முறுகச் செய்யுங்கள். இரண்டு பெட்டி வேலையை ஒரு கல் முடித்து விடும்.

தோசைக்கல் மட்டும் என்றால், கனமான இரும்புக் கல்லை மிதமாகக் காய வைத்து, பீட்சாவை வைத்து, குழிவான மூடி போட்டு, சின்னத் தணலில் பன்னிரண்டு நிமிஷம் வரை விடுங்கள். மூடியில் கோத்த தண்ணீரை நடுவே இரண்டு முறை துடைத்து விட வேண்டும். கடைசி இரண்டு நிமிஷம் மூடி இல்லாமல். சீஸ் சிவக்காது, ஆனால் உருகும். அடி பிரமாதமாக முறுகும்.

மலையேறும் பீட்சா

கல்வராயன் மலையில் டீச்சராக இருக்கும் என் நாத்தனார் ஒரு நாள் கேட்டாள்: "அண்ணி, இங்கே டவுன்ல வாங்கிட்டு வெள்ளிமலை போய்ச் சேர்றதுக்குள்ள உருகிடுமே! மறுபடி ஃப்ரீஸர்ல வெச்சா சரியாயிடுமா?"

நியாயமான கேள்வி. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டி மலைப்பாதையில் வளைந்து வளைந்து ஏற வேண்டும். பஸ்ஸில் எப்படியும் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. உறைய வைத்த உணவு எப்போதும் மைனஸ் 18 டிகிரியில் இருக்க வேண்டும். கம்பெனியிலிருந்து கடை வரைக்கும் அந்தக் குளிரைக் காப்பது அவர்கள் பொறுப்பு. கடையிலிருந்து வீடு வரைக்கும் நம் பொறுப்பு.

குளிர், கிருமியைக் கொல்வதில்லை, தூங்கத்தான் வைக்கிறது. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் அது விழித்துப் பெருகுகிறது. நம் ஊர் சித்திரை வெயில் அதற்குத் தாலாட்டு இல்லை, சுப்ரபாதம்! சில கிருமிகள் விட்டுப் போகும் விஷத்தைப் பிறகு எவ்வளவு சுட்டாலும் போக்க முடியாது. ஆகவே "நல்லா சுட்டுட்டா சரியாப் போச்சு" என்று சமாதானம் செய்து கொள்ளக் கூடாது.

நாத்தனாருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்:

• எல்லாச் சாமானும் வாங்கி முடித்து, கடைசியாக ஃப்ரீஸர் பக்கம் போங்கள். பெட்டியைத் தொட்டுப் பாருங்கள். கல் மாதிரி இருக்க வேண்டும். அட்டை ஈரமாகவோ, வளைந்தோ, உள்ளே பனித்தூள் கட்டியாகவோ இருந்தால் ஏற்கெனவே ஒரு முறை உருகி மறுபடி உறைந்தது என்று சந்தேகப்படலாம். வேண்டாம்.

• மீன்காரர் வைத்திருப்பது போன்ற சின்ன தெர்மாகோல் பெட்டி ஒன்று போதும். உறைய வைத்த தண்ணீர் பாட்டில் இரண்டை வீட்டிலிருந்தே கொண்டு போய், நடுவில் பீட்சாவைப் படுக்க வையுங்கள். பெட்டி இல்லையென்றால் நாலைந்து மடிப்பு செய்தித்தாள் சுற்றுங்கள்.

• வீடு சேரும்போது இன்னும் ஐஸ் துகளோடு சில்லென்று இருந்தால் அன்றைக்கே சுட்டு விடுங்கள். சூடு ஏறி இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடந்திருந்தால், மனசு வலித்தாலும் தூக்கி எறியுங்கள். ஆஸ்பத்திரிச் செலவைவிட அது மலிவு.

• கரண்ட் போனால் ஃப்ரீஸரைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள். நிறையச் சாமான் அடுக்கிய பெரிய ஃப்ரீஸர், மூடியே இருந்தால் இரண்டு நாள்கூடக் குளிரைக் காக்கும். நம் ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் குட்டி அறை அவ்வளவு தாங்காது. அது மைனஸ் 18-ஐ எட்டுவதும் எப்போதும் நிச்சயமில்லை. அதில் வைத்ததை ஒரு வாரத்துக்குள் தீர்த்து விடுவது நல்லது.

ஊருக்குப் போய்த் திரும்பினால் நடுவில் கரண்ட் போனதா என்று எப்படித் தெரியும்? ஒரு சின்ன கிண்ணத்தில் தண்ணீர் உறைய வைத்து, அதன் மேல் ஒரு ரூபாய் நாணயம் வைத்து விட்டுப் போங்கள். திரும்பி வரும்போது நாணயம் ஐஸுக்குள் மூழ்கியிருந்தால், நீங்கள் இல்லாதபோது எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று அர்த்தம். ஒரு ரூபாயில் ஒரு காவல்காரன்!

அட்டையைத் திருப்பிப் படியுங்கள்

பாக்கெட்டின் பின்பக்கம் சோடியம் என்று ஒரு வரி இருக்கும். அந்த எண்ணை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். உதாரணமாக 100 கிராமில் 600 மில்லிகிராம் சோடியம் என்றால் உப்பு ஒன்றரை கிராம். 250 கிராம் பீட்சா முழுவதையும் ஒருவரே சாப்பிட்டால் 3¾ கிராம் உப்பு. பெரியவர்களே ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு சேர்க்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தைக்கு அதைவிடக் குறைவு. மீதி இட்லி, சாம்பார், ஊறுகாய் எல்லாம் எங்கே போவது?

ஆகவே ஒரு பீட்சாவை நாலு பேர் பங்கிடுங்கள். கூடவே வெள்ளரிக்காய், கேரட் வில்லைகள், ஒரு டம்ளர் மோர். மோரில் உப்பு போட வேண்டாம். ஒரு வயதுக்குள் இருக்கும் கைக்குழந்தைக்கு ஒரு துண்டுகூட வேண்டாம். நாலு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குச் சின்னச் சின்னதாக நறுக்கி, பக்கத்தில் உட்கார்ந்து கொடுங்கள். நூலாய் இழுக்கும் சீஸ் தொண்டையில் சிக்கும்.

சீஸ் என்று படம் போட்டு, உள்ளே தாவர எண்ணெயில் செய்த போலி சீஸ் கலந்திருப்பதும் உண்டு. சேர்மானப் பட்டியலில் அது தெரிந்துவிடும். 2022 ஜனவரி முதல் உணவுப் பொருள்களின் எண்ணெய், கொழுப்பில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவிகிதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று நம் நாட்டில் விதி இருக்கிறது. அந்த வரியையும் பார்க்கப் பழகுங்கள்.

நம் வீட்டு ஃப்ரோஸன் பீட்சா

கடையில் செய்வதை நாமே செய்து உறைய வைத்தால் என்ன? தாராளமாகச் செய்யலாம். அதிலும் நம் மலையில் விளைகிற சாமையைச் சேர்த்துச் செய்யலாம். கல்வராயன் மலையின் மலையாளி மக்களுக்குச் சாமை காலங்காலமான சாப்பாடு. ஐக்கிய நாடுகள் சபை 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு பட்டணத்துக் கடைகளிலும் அதற்கு மவுசு. சாமையில் மாவை இழுத்துப் பிடிக்கும் குளூட்டன் கிடையாது. அதனால் முழுவதும் சாமை மாவு போட்டால் ரொட்டி உதிர்ந்து விடும். நாலு பங்கு மைதாவுக்கு ஒரு பங்கு சாமை மாவு என்பது நல்ல கணக்கு.

தேவையானவை: மைதா 2 கப், சாமை மாவு அரை கப், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 1 டீஸ்பூன், சர்க்கரை 1 டீஸ்பூன், உப்பு முக்கால் டீஸ்பூன், எண்ணெய் 2 டேபிள்ஸ்பூன், வெதுவெதுப்பான தண்ணீர் முக்கால் கப்பிலிருந்து ஒரு கப் வரை.

செய்முறை: எல்லாவற்றையும் கலந்து, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, சப்பாத்தி மாவைவிடத் தளர்வாகப் பத்து நிமிஷம் அடித்துப் பிசையுங்கள். மூடி வைத்தால் ஒரு மணி நேரத்தில் இரண்டு மடங்காகும். மலைக்குளிரில் இரண்டு மணி நேரம்கூட ஆகும். நாலு உருண்டையாக்கி, அரை விரற்கடை தடிமனில் தட்டி, முள்கரண்டியால் ஆங்காங்கே குத்துங்கள். 200 டிகிரியில் ஐந்தாறு நிமிஷம் மட்டும் வையுங்கள். சிவக்கக் கூடாது, தொட்டால் ஒட்டாமல், வெளுப்பாக இருக்க வேண்டும். முழுதும் ஆற விடுங்கள்.

ஆறு தக்காளி, நாலு பல் பூண்டு, ஒரு வெங்காயம் சேர்த்து எண்ணெயில் வதக்கி, தொக்கு பதத்துக்குச் சுண்ட வைத்து அரைத்தால் சாஸ் தயார். தண்ணீர் இருந்தால் அதுவே பிறகு ஐஸாகி வம்பு செய்யும்; நன்றாகச் சுண்டட்டும். குடைமிளகாய், காளான் எதுவானாலும் வதக்கி நீர் வற்றிய பிறகே போடுங்கள். சாஸை மெல்லிசாகத் தடவி, காய் பரப்பி, துருவிய சீஸ் தூவி, தட்டையான தட்டில் வைத்து உறைய விடுங்கள். கல்லானதும் பிளாஸ்டிக் உறையில் காற்றில்லாமல் சுற்றி, மேலே தேதி எழுதி வையுங்கள். நல்ல ஃப்ரீஸரில் ஒரு மாதம் வரை ருசி கெடாது. வேண்டும்போது ஃப்ரீஸரிலிருந்து நேராக, காய்ந்த ஓவனில் 200 டிகிரியில் பன்னிரண்டு முதல் பதினான்கு நிமிஷம் வையுங்கள்.

எங்கள் வீட்டில் மாசத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு ரொட்டி இப்படிச் செய்து வைத்து விடுகிறேன். உப்பு என் கையில், எண்ணெய் என் கையில். சின்னவள் காயைப் பொறுக்கி ஓரம் வைப்பதும் குறைந்திருக்கிறது. தானே பரப்பிய காய் ஆயிற்றே!

கடைசியாகச் சில குறிப்புகள்

• ஓவன் கதவின் கண்ணாடி சூடாக இருக்கும்போது ஈரத்துணியால் துடைக்காதீர்கள், வெடிக்கும்.

• தூள் தட்டை ஒவ்வொரு முறையும் ஆறிய பின் தட்டிச் சுத்தம் செய்யுங்கள். சிந்திய சீஸ் அடுத்த முறை புகையும், பற்றிக் கொள்ளவும் கூடும்.

• உள்ளே ஏதாவது தீப்பிடித்தால் கதவைத் திறக்காமல் ஸ்விட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்குங்கள். காற்று கிடைக்காவிட்டால் தீ தானே அடங்கும். தண்ணீர் ஊற்றவே கூடாது.

• தவழும் குழந்தை இருக்கிற வீட்டில் ஓவன் வயர் மேடையிலிருந்து தொங்கக் கூடாது. பிடித்து இழுத்தால் பெட்டியே மேலே விழும்.

• மிஞ்சிய துண்டுகளை இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாளே தோசைக்கல்லில் நன்றாகச் சூடாக்கிச் சாப்பிட்டு விடுங்கள்.

வீட்டில் ஃப்ரோஸன் பீட்சா ஏற்கெனவே இருக்கிறதா? முதலில் பிளக்கைப் பாருங்கள். பிறகு காலி ஓவனைப் பத்து நிமிஷம் காய விடுங்கள். மிச்சத்தைச் சீஸ் குமிழ் விடும் சத்தமே உங்களுக்குச் சொல்லி விடும்!